நஞ்சாவுக்கு நாலு வரி

1908 ஏப்ரல் 7, உதகமண்டலம்

குன்னூர் வரை ரயில், அப்புறம் டோங்கா வண்டி. குலுங்கிய குலுக்கலில் இடுப்பு கழன்று கையோடு வந்துவிடும் போலிருந்தது. இறங்கியதும் பட்லர் கேட்ட முதல் கேள்வி, "டீச்சரம்மா, கம்பளி கொண்டாந்தீங்களா?" பாளையங்கோட்டை வெயிலில் வெந்தவள் நான், கம்பளியை எங்கே கண்டேன்! பல் தந்தியடிப்பதைப் பார்த்துத் துரைசானியே தன்னுடைய சால்வை ஒன்றைக் கொண்டுவந்து போர்த்திவிட்டார்.

புது நோட்டு, அதனால் முறைப்படி எழுதிவைக்கிறேன். என் பெயர் எஸ்தர் பூரணம். வயது நாற்பத்து மூன்று. கல்யாணம் கட்டவில்லை, அந்தக் கவலையும் இல்லை. பதினாறு வருஷம் பெண்கள் போர்டிங் பள்ளியில் மேட்ரனாக இருந்தேன். ஜனவரி முதல் சென்னையில் லேடி எல்ஸ்பெத் துரைசானிக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன், இப்போது கோடைக்கு எல்லோரும் மலையேறியிருக்கிறோம். ஸ்காட்லாந்தில் ஒரு பிரபுவின் மகள், கடலோரக் கோட்டையில் பிறந்தவர். அவர் கணவர் துரை, கவுன்சில் மெம்பர். அடுத்து கவர்னர், அதற்கடுத்து லண்டனில் மந்திரி என்று எல்லோரும் பேசிக்கொள்கிறார்கள். ஜூலை நாலாம் தேதி கோயமுத்தூரில் பெண்கள் ஆஸ்பத்திரி திறப்பு விழா. அதில் துரைசானி தமிழிலேயே பேச வேண்டும் என்பது துரையின் ஆசை. விழா நல்லபடியாக முடிந்தால் ஆஸ்பத்திரிக்கு மேட்ரன் நான்தான் என்று துரைசானி வாய்விட்டே சொல்லிவிட்டார். கர்த்தர் கண் திறந்தார்.

ஏப்ரல் 12

துரைசானிக்குப் புத்தி கற்பூரம். சின்ன வயதில் பால் கொடுத்து வளர்த்த தாதியிடம் மலைநாட்டுப் பாஷை ஒன்றைக் கற்றிருந்தாராம். ஏழு வயதில் அதைப் பேசக்கூடாது என்று வீட்டில் வாயை அடைத்துவிட்டார்களாம். "அந்தத் தாதி செத்தபோது நான் அவளிடம் எந்தப் பாஷையில் அழுவது என்று தெரியாமல் நின்றேன்," என்றார். அதனால்தான் தன் மகன் அலஸ்டேர் ஆயா நஞ்சம்மாவோடு தமிழிலேயே பேசி வளர்ந்தபோது தடுக்கவில்லையாம்.

பையனுக்கு வயது ஒன்பது. போன செப்டம்பரில் இங்கிலாந்தில் போர்டிங் பள்ளிக்கு அனுப்பிவிட்டார்கள். இவர்கள் வழக்கம் அப்படி. அவனைக் கப்பல் ஏற்றியதும் நஞ்சம்மாவையும் அவள் ஊரான மேட்டுப்பாளையத்துக்கு அனுப்பிவிட்டார்கள், அது பையனுக்குத் தெரியாது.

நான் கற்றுக்கொடுப்பது அச்சில் வருகிற தமிழ். துரைசானி "நான் மிகவும் களைத்திருக்கிறேன்" என்பார். சமையற்காரன் திரும்பி நின்று சிரிக்கிறான். "துரைசானி வாயத் திறந்தா பிரசங்கம் கேக்குற மாதிரி இருக்கு டீச்சரம்மா," என்கிறான் பட்லர். இருக்கட்டுமே! மேடையில் நின்று சந்தைப் பேச்சா பேச முடியும்?

ஏப்ரல் 18, சனிக்கிழமை

சீமைத் தபால் வந்தது. பையனின் கடிதத்தை அங்கே தலைமை ஆசிரியர் வாசித்துவிட்டுத்தான் தபாலில் சேர்ப்பார். ஆகவே இங்கிலீஷ் பகுதியில் கிரிக்கெட்டும் மழையும் தவிர ஒன்றுமில்லை. அடியில் "நஞ்சாவுக்கு" என்று தலைப்பிட்டு நாலு வரி. இங்கிலீஷ் எழுத்தில் தமிழ். ஆயாவுக்கு எழுதும் அன்புப் பேச்சு என்று விட்டிருப்பார்கள். துரைசானிக்கு எழுத்து தெரிகிறது, பேச்சு பிடிபடவில்லை. பிள்ளை எழுதியதோ கொங்குநாட்டுக் கொச்சை, அதையும் கன்னாபின்னா என்று எழுத்துக் கூட்டியிருக்கிறான். என்னிடம் கொடுத்தார். அதில் இருந்தது இது:

"நஞ்சா, இங்க ரொம்பக் குளுரு. பெரிய பசங்க என்னைய அடிக்கறாங்க. காதுமேலயே அடிச்சாங்க. இங்க யார்கிட்டயும் சொல்லக்கூடாது, நீ அம்மாட்டச் சொல்லு."

துரைசானி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "சந்தோஷமாக இருக்கிறானா?" என்று கேட்டார்.

"குளிராக இருக்கிறதாம். பெரிய பையன்களோடு சேர்ந்து விளையாடுகிறானாம். உங்களை நினைத்துக்கொள்கிறானாம்," என்றேன்.

இது பொய்யில்லை. போர்டிங் பிள்ளைகளின் கடிதம் எனக்குத் தெரியாததா? பதினாறு வருஷம் வாசித்துத் தள்ளியிருக்கிறேன். "சோறு வேகல, அக்காமார் கிள்ளுறாங்க, வந்து கூட்டிட்டுப் போங்க" என்று எல்லாப் பிள்ளையும் எழுதும். அதைக் கிழித்துப் போட்டு, "சுகமாக இருக்கிறேன்" என்று எழுதவைத்துத்தான் தபாலில் சேர்ப்போம். தாய்மார் ஓடிவந்து கூட்டிப்போனால் பிள்ளை படித்துக் கிழிக்கும்! இரண்டு மாதத்தில் எல்லாம் சரியாகிவிடும்.

ஏப்ரல் 19

ஈஸ்டர். கோவிலுக்குப் போனேன். பாதிரியார் நீளமாகப் பேசினார், கால் மரத்துப்போயிற்று.

ஏப்ரல் 30

இன்று இருபத்திரண்டு பேருக்கு விருந்து. யாருக்கு அடுத்து யார் என்று துரைசானி நேற்றெல்லாம் பட்டியல் போட்டார். ஒரு கலெக்டர் சம்சாரத்தை ஒரு நாற்காலி கீழே உட்காரவைத்துவிட்டால் குடி முழுகிப்போகுமாம். முடிந்ததும் வந்து தொப்பென்று உட்கார்ந்து தமிழில் சொன்னார்: "டீச்சரம்மா, என் கல்யாணம் ஒரு நீண்ட மேஜை. இந்த ஓரத்தில் நான் இருக்கிறேன். அந்த ஓரத்தில் அவர் இருக்கிறார்." வாக்கியம் பிழையில்லாமல் இருந்தது. நன்றாக இருக்கிறது என்று சொன்னேன்.

துரை என்னை வராந்தாவில் நிறுத்திப் பேசினார். முதல் தடவை. "மகன் விஷயத்தில் என் மனைவிக்கு மனம் இளகிவிடும். நானும் அந்தப் பள்ளியில்தான் அடிபட்டு வளர்ந்தேன். நீங்கள் போர்டிங் நடத்தியவர், பிள்ளைகள் எப்படி எழுதும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும்," என்றார். அவ்வளவுதான். இதைச் செய், அதைச் செய் என்று ஒன்றும் சொல்லவில்லை. மனுஷருக்கு விவரம் இருக்கிறது.

மே 9, சனிக்கிழமை

காலையில் பாடம் நடக்கவில்லை. துரைசானி கையில் கப்பல் கம்பெனியின் காகிதம். இம்மாதம் முப்பதாம் தேதி பம்பாயிலிருந்து கிளம்பும் கப்பலில் ஒரு இடம் பிடித்துவைத்திருக்கிறார். துரைக்குத் தெரியாது. "மூன்று இரவாக அவன் கூப்பிடுவது போலிருக்கிறது. இன்று வரும் கடிதத்தைப் பார்த்துவிட்டு முடிவு செய்வேன். அவனுக்கு ஏதாவது என்றால் விழாவும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம், போய்விடுவேன்," என்றார்.

பதினொரு மணிக்குத் தபால். நஞ்சாவுக்கு மூன்று வரி. காது வலிக்கிறது என்று எழுதியிருந்தான். இன்னும் கொஞ்சம் எழுதியிருந்தான்.

"சளி பிடித்திருக்கிறதாம்," என்றேன். "அதனால் காதும் கொஞ்சம் அடைத்த மாதிரி இருக்கிறதாம்."

"அழுகிறானா? என்னை வரச் சொல்கிறானா?"

"அப்படி ஒன்றும் எழுதவில்லை."

உண்மையிலேயே "வா" என்று அவன் எழுதவில்லை. இதைக் குறித்துவைக்கிறேன்.

துரைசானி கப்பல் காகிதத்தை மடித்து உறையில் போட்டு, இடம் வேண்டாம் என்று எழுதி அனுப்பிவிட்டார். என் கையைப் பிடித்து, "நீங்கள் இல்லாவிட்டால் நான் பைத்தியக்காரத்தனம் செய்திருப்பேன்," என்றார்.

மே 10

தலைவலி. எழுத ஒன்றுமில்லை.

மே 23

ஆஸ்பத்திரிக் கட்டடத்தின் வரைபடத்தைத் துரைசானி காட்டினார். மேட்ரனுக்குத் தனியாக இரண்டு அறை, ஒரு சின்ன வராந்தா. கிழக்குப் பார்த்த சன்னல். பதினாறு வருஷம் நாற்பது பிள்ளைகளோடு ஒரே ஹாலில் படுத்தவளுக்கு இது எப்படி இருக்கும்! திரைச்சீலைக்கு நீலமா பச்சையா என்று கேட்டார். நீலம் என்றேன்.

பையனிடமிருந்து இரண்டு வாரமாக இங்கிலீஷ் பகுதி மட்டும்தான் வருகிறது. பார்த்தீர்களா, சரியாகிவிட்டது.

ஜூன் 6, சனிக்கிழமை

தபால். நஞ்சாவுக்கு இரண்டே வரி. கையெழுத்து சரிந்து ஓடுகிறது. பெரிதாக ஒன்றுமில்லை. "ஆயாவை விசாரிக்கிறான்," என்று துரைசானியிடம் சொன்னேன்.

மத்தியானம் சாப்பாடு இறங்கவில்லை. பட்லர், "மலைத் தண்ணி ஒத்துக்கலையா டீச்சரம்மா?" என்று கேட்டு இஞ்சிக் கஷாயம் கொண்டுவந்தான். பாளையங்கோட்டையில் சொர்ணம் என்று ஒரு பிள்ளை இருந்தாள். அவளும் ஒரு கடிதம் எழுதினாள். அதைப் பற்றி இந்த நோட்டில் எழுத வேண்டாம்.

ஜூன் 17

இன்று நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலையிலிருந்து தூறல். பத்து மணிக்கு நஞ்சம்மா வந்து நின்றாள். நான் அவளை இதற்குமுன் பார்த்ததில்லை. ஒல்லியான மனுஷி, முட்டாக்கு நனைந்திருந்தது, கையில் ஒரு கூடை. பையனுக்குக் கச்சாயம் என்கிற வெல்லப் பலகாரம் சுட்டுக் கொண்டுவந்திருக்கிறாளாம். "கப்பல்ல போட்டுட்டா கெட்டுப்போகுங்களா, அம்மிணி?" என்று துரைசானியைக் கேட்டாள். துரைசானி ஓடிப்போய் அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். இரண்டு பேரும் அழுதுகொண்டே சிரித்தார்கள்.

"நஞ்சம்மா, அலஸ்டேர் உனக்குக் கடிதம் எழுதியிருக்கிறான். டீச்சரம்மா வாசிப்பார்கள்," என்று துரைசானி மேஜையிலிருந்து மூன்று கடிதங்களையும் எடுத்துவந்து என் மடியில் வைத்தார்.

முதல் கடிதத்தைப் பிரித்தேன். "நஞ்சா, நான் இங்கு சுகமாக இருக்கிறேன். நீ சுகமாக இருக்கிறாயா?" என்று வாசித்தேன். காகிதத்தில் இல்லாததை வாசித்தேன்.

நஞ்சம்மா தலையைச் சாய்த்துக் கேட்டாள். "இது எங்க கண்ணு பேச்சில்லீங்களே. கண்ணு இப்புடிப் பேசாதுங். இது நீங்க பேசறதுங்."

துரைசானி கலகலவென்று சிரித்தார். "டீச்சரம்மா அவன் தமிழையும் திருத்திவிட்டார்கள்! கொடுங்கள், நான் வாசிக்கிறேன். எனக்குப் புரியாது, நஞ்சம்மாவுக்குப் புரியும்."

"வேண்டாம், உங்களுக்கு உச்சரிப்பு வராது," என்றேன். அதற்குள் கடிதம் அவர் கைக்குப் போய்விட்டது.

எழுத்துக் கூட்டிக் கூட்டி, மகன் குரலைத் தானே பேசிப் பார்க்கும் சந்தோஷத்தில் வாசித்தார். குளுரு. பெரிய பசங்க. அடிக்கறாங்க. நஞ்சம்மாவின் கை வாயைப் பொத்திக்கொண்டது. ஆசையில் அழுகிறாள் என்று நினைத்தாரோ என்னவோ, துரைசானி இரண்டாவதையும் எடுத்தார். "நஞ்-சா, கா-து வலிக்-குது. சீ வருது. தல-காணி எல்லாம் சீ. ஒரு காது கேக்-கல." பிறகு மூன்றாவது. "நஞ்-சா, நீ அம்மாட்டச் சொல்-லலியா? சொல்லி-ருந்தா அம்மா வந்-திருப்-பாங்க."

அம்மா என்ற சொல் அவருக்குத் தெரியும். சொல் என்பதும் தெரியும். வாசிப்பது நின்றுவிட்டது.

நஞ்சம்மா தடாலென்று அவர் காலில் விழுந்தாள். "அம்மிணி, எனக்கு ஒண்ணுமே தெரியாதுங்! ஒரு வார்த்த தெரிஞ்சிருந்தா ஓடியாந்து சொல்லியிருப்பனுங்! எம்பட கண்ணு என்னைய நம்பிச் சொல்லியிருக்குதுங்களே!"

"சீ என்றால் என்ன?" என்று துரைசானி அவளைத்தான் கேட்டார். என்னைக் கேட்கவில்லை. நஞ்சம்மா தன் காதில் விரலை வைத்து, அங்கிருந்து கழுத்து வழியாகத் தோள் வரை வழித்துக் காட்டினாள்.

அதன் பிறகு என் பக்கம் திரும்பி இங்கிலீஷில் கேட்டார். "நீங்கள் எனக்குச் சொன்ன அன்று இது எல்லாம் இதில் இருந்ததா?"

"இருந்தது," என்றேன்.

அவர் கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். கத்தவில்லை. எழுந்துபோய், பள்ளிக்குத் தந்தி கொடுக்க ஆள் அனுப்பினார். துரையின் அறைக் கதவு திறந்துதான் இருந்தது. இன்னும் பதினேழு நாள்தானே, விழா முடிந்து போகலாமே என்று அவர் சொல்வது கேட்டது. துரைசானி சொன்ன பதிலும் கேட்டது. "நீங்கள் மேஜையின் இரண்டு ஓரத்திலும் உட்கார்ந்துகொள்ளுங்கள்," என்றார்.

ஜூன் 18

நான் செய்தது தப்பு. பெரிய தப்பு. இதை எழுதுவதற்கு நாலு தடவை பேனாவை எடுத்தேன். "ஆனால்" என்றே ஆரம்பிக்க வருகிறது.

சொர்ணத்துக்குக் கால் வீங்கியிருந்தது. "கால் வலிக்குது ஐயா" என்று அப்பாவுக்கு எழுதியிருந்தாள். அந்தக் கடிதத்தைக் கிழித்தவள் நான். மறு மாசம் அவளைத் தூக்கிக்கொண்டுதான் போனார்கள். அவள் பிழைத்தாளா என்று நான் விசாரிக்கவேயில்லை.

ஜூன் 19

பதில் தந்தி. பையன் ஆஸ்பத்திரியில். காதுக்குப் பின்னால் எலும்பில் சீழ். அறுவை செய்திருக்கிறார்கள்.

ஜூன் 21

துரைசானி கிளம்பிவிட்டார். நஞ்சம்மாவை டோங்காவில் தன்னோடு ஏற்றிக்கொண்டார். மேட்டுப்பாளையத்தில் இறக்கிவிட்டுப் பம்பாய் போகிறார். நான் வாசலில் நின்றேன். மன்னிப்புக் கேட்க எத்தனையோ யோசித்துவைத்திருந்தேன். "குளிரும், சால்வை இருக்கிறதா?" என்று மட்டும் வாய் கேட்டது. தலையை ஆட்டினார். என் தோளில் கிடந்ததே அவர் சால்வைதான்.

ஜூலை 4, கோயமுத்தூர்

விழா நடந்தது. துரைசானிக்குப் பதிலாக அவர் பேச்சை நான் வாசிக்க வேண்டும் என்று துரை சொல்லிவிட்டார். மார்ச் மாதம் நானே எழுதிக் கொடுத்த பேச்சு. "பிள்ளை அழுதால் கடல் தாண்டியும் கேட்கும் பெற்றவள் காதுக்கு" என்று அதில் ஒரு வரி. எழுதியபோது எனக்கு நானே சபாஷ் போட்டுக்கொண்ட வரி. அதை வாசித்தபோது கைதட்டினார்கள். அழுதேன். உருக்கமாக வாசித்தேன் என்று கலெக்டர் சம்சாரம் பாராட்டினார்.

மேட்ரன் வேலைக்கு உத்தரவு கையில் வந்தது. சேர்ந்துவிட்டேன்.

ஜூலை 30

இருபது படுக்கையும் நிரம்பிவிட்டன. ஒரு பிள்ளைக்காரி வலி என்று சொன்னால் இரண்டு தரம் எழுந்து போய்ப் பார்க்கிறேன். தாதிகள் என்னைக் கேலி பேசுகிறார்கள். பேசட்டும். நீலத் திரைச்சீலையைக் கழற்றிக் கொடுத்துவிட்டேன், வெயில் பட்டு மங்கிவிடும் என்று சாக்குச் சொன்னேன். சீமைத் தபால் நாளில் தபால்காரன் கேட்டுக்கு உள்ளே வருகிறானா என்று பார்க்கிறேன். எனக்கு யார் எழுதப்போகிறார்கள்?

செப்டம்பர் 5, சனிக்கிழமை

வந்தது. தமிழில். துரைசானியின் சொந்தக் கையெழுத்து. கோணல்மாணலாக, ஆனால் ஒரு எழுத்துக்கூட விடவில்லை. அப்படியே எடுத்தெழுதுகிறேன்.

"டீச்சரம்மா, அலஸ்டேர் உயிரோடு இருக்கிறான். காதுக்குப் பின்னால் எலும்பை இரண்டு முறை வெட்டினார்கள். சீழ் மற்ற காதுக்கும் போயிற்று. இப்பொழுது வலி இல்லை. ஆனால் அவனுக்கு இரண்டு காதும் கேட்கவில்லை. இனியும் கேட்காது. நான் கப்பலில் எல்லா நாளும் நஞ்சம்மா பேசும் தமிழைப் பேசிப் பழகினேன். கட்டில் அருகில் போய், கண்ணு, அம்மா வந்துட்டேன் என்று சொன்னேன். அவனுக்குக் கேட்கவில்லை. அவன் என்னைப் பார்த்து, நஞ்சா சொல்லலியா என்று கேட்டான். நஞ்சாவுக்குத் தெரியாது என்று காகிதத்தில் எழுதிக் காட்டினேன். யாருக்குத் தெரியும் என்று எழுதவில்லை. மே மாதத்திலேயே வைத்தியம் செய்திருந்தால் ஒரு காதையாவது காப்பாற்றியிருக்கலாம் என்று வைத்தியர் சொன்னார். நீங்கள் சொன்னதை நம்புவது எனக்குச் சுலபமாக இருந்தது. அது என் குற்றம். நான் அங்கே திரும்பி வரமாட்டேன். இந்தக் கடிதத்தை நஞ்சம்மாவுக்கு வாசியுங்கள். முழுவதும் வாசியுங்கள்."

என்னை வையவில்லை. ஒரு சொல் வைதிருக்கலாம்.

செப்டம்பர் 9

ஒரு நாள் லீவு கேட்டு மேட்டுப்பாளையம் போனேன். நஞ்சம்மா வீடு ரயிலடிக்குப் பின்னால். வாசலில் சுள்ளி முறித்துக்கொண்டிருந்தாள். வாங்க என்றாள்.

"துரைசானி கிட்டருந்து கடுதாசி வந்திருக்கு. வாசிக்கட்டுமா?" என்றேன்.

"வாசிங்."

நின்றபடியே வாசித்தேன். ஒரு எழுத்து விடவில்லை. "இரண்டு காதும் கேட்கவில்லை" என்ற இடத்திலும் நிறுத்தவில்லை. யாருக்குத் தெரியும் என்ற இடத்தையும் வாசித்தேன். முடித்து நிமிர்ந்தேன். அவள் அழவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவ்வளவுதானுங்களா? நடுவுல ஏதாச்சும் உட்டுப்போட்டீங்களா?"

"இல்ல நஞ்சம்மா, ஒண்ணும் விடல. ஆண்டவர் சாட்சியா விடல."

"கண்ணு செத்துப்போச்சுன்னு இருந்தா சொல்லீருங். மறைக்காதீங்."

"உசிரோடதான் இருக்கான். அதுல அப்படித்தான் எழுதியிருக்கு."

கையை நீட்டினாள். கடிதத்தைக் கொடுத்தேன். அதை மடித்துக்கொண்டு விறுவிறுவென்று நடந்தாள். நானும் பின்னாலேயே போனேன். தபாலாபீஸ் வாசலில் மர நிழலில் மனு எழுதிக் கொடுக்கும் கிழவர் ஒருவர் இருந்தார். அவர் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, "ஐயா, இத ஒருக்கா வாசிச்சுச் சொல்லுங்," என்றாள்.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார். எல்லாம் அதேதான். உயிரோடு இருக்கிறான் என்ற வரியில் அவள் கண்ணை மூடிக்கொண்டாள். காது கேட்காது என்ற இடம் வந்ததும் அழ ஆரம்பித்தாள். தன் வீட்டு வாசலில் அழாதவள் அந்தத் தெருவில், போகிறவர் வருகிறவர் எல்லாரும் பார்க்க அழுதாள். அவள் தோளைத் தொடப் போனேன். நகர்ந்து உட்கார்ந்துகொண்டாள்.

கொஞ்சம் ஆறியதும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இனி கண்ணு காயிதம் போட்டா இந்த ஐயன் பேருக்கே போடச் சொல்லி அம்மிணிக்கு எழுதிப்போடுங்," என்றாள்.

கிழவரிடமே காகிதம் வாங்கி, அவருடைய விலாசத்தைக் கேட்டு, அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். நான் எழுதி முடித்ததும் நஞ்சம்மா அதை என் கையிலிருந்து வாங்கி, கிழவரிடம் கொடுத்து, ஒருக்கா வாசிச்சுக் காட்டுங்க என்றாள்.